தாத்தா என்ன வேலை பார்த்தார்?

ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான். அடுத்து "எந்த ஊர்?" முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதை அவ்வளவாகத் துருவ மாட்டார். எந்தக் கிராமம், அதில் எந்தத் தெரு என்று ஊர்ப்பக்கம் படிப்படியாக இறங்கி வருகிற விசாரணை இங்கே பாதியில் நின்றுவிடும். என் அப்பாவின் தலைமுறைக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்குச் சம்பளத்தோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அதனால்தான், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் படிக்கும் அக்கா மகள் போனில் "மாமா, நம்ம கொள்ளுத்தாத்தா என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். அரம் கொத்தியவர், கத்திக்குச் சாணை பிடித்தவர் என்று ஐந்தாறு தலைமுறையின் தொழில் அவர் கையில் இருக்கிறதாம்.

அங்கே அது பெரிய அதிசயமில்லை. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624லேயே சட்டப்படி ஏற்பட்டது. எந்தப் பையன் எந்த மேஸ்திரியிடம் தொழில் கற்கச் சேர்ந்தான் என்று எழுதிவைத்தார்கள். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனின் தொழிலுக்கு ஒரு கட்டம். 1837 முதல் அரசாங்கத்தின் கல்யாணச் சான்றிலும் சாவுச் சான்றிலும். 1841லிருந்து குடிக்கணக்கில் வீடு வீடாக, ஆள் ஆளாக. நூறு வருடம் கழித்து அந்தக் குடிக்கணக்குத் தாள்களை யாரும் பார்க்கலாம். 1921ஆம் வருடக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தபோது, வேலையோடு வேலை கொடுத்த கம்பெனியின் பெயரும் அதில் இருந்தது. முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவன் கல்தூசி நுரையீரலில் ஏறி இளவயதில் செத்ததைக்கூடச் சான்றிதழ் சொல்லிவிடும். மனைவியின் கட்டம் மட்டும் பெரும்பாலும் காலி. அரம் கொத்தும் வேலையை அவளும் வீட்டில் உட்கார்ந்து செய்திருப்பாள். அதை எழுதத்தான் ஆளில்லை.

இங்கேயும் எழுதாமல் இல்லை. 1792இல் திப்புவிடமிருந்து கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து அளந்தார்கள், எழுதினார்கள். பாராமகால் ஆவணங்களில் இந்த வட்டாரத்துச் சாதிகள், அவற்றின் தொழில்கள், வழக்கங்கள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஆனால் என் தாத்தாவின் தாத்தாவை அதில் தேடினால் கிடைக்க மாட்டார். அவருடைய சாதி கிடைக்கும். 1871லிருந்து குடிக்கணக்கும் எடுக்கிறோம். கூட்டித் தொகுத்த அட்டவணைதான் நமக்கு. வீட்டுக்கு வீடு எழுதிய தாள் 1948ஆம் வருடச் சட்டப்படி ரகசியம், அதைத் திறக்கக் காலக்கெடு எதுவும் கிடையாது. குழந்தை பிறந்தால் நிரப்புகிற படிவத்தில் அப்பா அம்மாவின் தொழிலைக் கேட்கத்தான் செய்கிறார்கள். அது புள்ளிவிவரப் பகுதி. தனியே பிரித்து அனுப்பிவிடுவார்கள். நம் கைக்கு வருகிற சான்றிதழில் தொழில் இருக்காது. வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இன்னொரு சான்றிதழ் இருக்கிறதே, அதில் சாதி இருக்கும்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு பத்திரம். தேன்கனிக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது. எழுத்து தமிழ், சாட்சிகளில் ஒருவர் தெலுங்கிலும் இன்னொருவர் கன்னடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த எல்லைப் பக்கத்தில் அது சகஜம். தாத்தாவின் இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. பெயருக்குப் பக்கத்தில் "விவசாய ஜீவனம்". அந்தக் காலப் பத்திரங்களில் கால் காணி இருந்தவருக்கும் நாற்பது ஏக்கர் வைத்திருந்தவருக்கும் அதே இரண்டு வார்த்தைதான்.

அத்தையிடம் கேட்டேன். "அத எதுக்குடா இப்ப நோண்டற? நம்ம ஊர்ல உங்கப்பன் என்ன பண்றான்னு ஒருத்தன் கேட்டா எதுக்குக் கேக்கறான்? வேலைய தெரிஞ்சிக்கவா கேக்கறான்?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஷெஃபீல்டுப் பாட்டி தன் முப்பாட்டன் சாணை பிடித்தவன் என்று கண்டுபிடித்தால் அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழலாம். அந்தப் பதில் அவருடைய பேத்தியின் கல்யாணத்தை நிறுத்தாது. இங்கே தொழில் தெரிந்தால் எது தெரிந்ததாக ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த விஷயத்தில் ஓசூருக்கு ஒரு தனிப்பட்ட தொடர்பும் உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. 1953இல் முதலமைச்சராக இருந்தபோது அவர் கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள், காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு வந்தது, மறுவருடம் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தை எடுத்துவிட்டார். எடுத்தது சரி என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1953இல் என் அப்பா கைக்குழந்தை. திட்டம் நிலைத்திருந்தால் பாதி நாள் அவர் எந்தத் தகப்பன் தொழிலைக் கற்றிருப்பார் என்று யோசித்தபோதுதான் அத்தையை மறுபடியும் போய்ப் பார்க்கத் தோன்றியது.

இந்த முறை தொழில் என்று கேட்கவில்லை. தாத்தா எப்போது எழுந்திருப்பார், எங்கே போவார், எப்போது திரும்புவார் என்று கேட்டேன். வரிசையாக வந்தது. மழை பெய்தால் கேழ்வரகு, அவரை. மாசி பங்குனியில் புளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு. கல்யாணம் ஆவதற்கு முன்னால் கோலார் தங்கவயலில் சில வருடம், சுரங்கத்துக்குள். சேலம் ஜில்லாவிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அங்கே போனவர்கள் ஏராளம். 1950களில் கிருஷ்ணகிரி அணை கட்டும்போது கல் சுமந்திருக்கிறார். பஞ்சம் வந்த ஒரு வருடம் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவரிடம் துருத்தி ஊதியிருக்கிறார். இதை மட்டும் அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது எங்கள் சாதிக்காரர் செய்கிற வேலை இல்லையாம்.

பாட்டி? "அவ என்ன வேல, வீட்லதான் இருந்தா." கொஞ்சம் பொறுத்து, புளி சீசனில் ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கிற கூலி வேலைக்குப் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போனவள் அவள்தான் என்றார். கணக்குப் பார்த்துக் கூலி பிரித்துக் கொடுத்ததும் அவள்தானாம்.

இதில் எது குலத்தொழில்? சாதிச் சான்றிதழ் ஒன்றைச் சொல்கிறது, பத்திரம் ஒன்றைச் சொல்கிறது. கேழ்வரகு விளைகிற மானாவாரி பூமியில் ஒரே தொழிலை நம்பி எவனும் பிழைத்திருக்க முடியாது. தகப்பன் தொழில் என்று ஒன்று பரம்பரையாக இருந்தது போல ராஜாஜியின் திட்டம் கற்பனை செய்தது. எதிர்த்த நாமும் அந்தக் கற்பனையை உண்மை என்று ஒப்புக்கொண்டுதான் எதிர்த்தோம். முன்னோரின் தொழிலைத் தேடினால் சாதி வெளியே வந்துவிடும் என்று அத்தை பயந்தார். அவரையே முழுசாகப் பேசவைத்துக் கேட்டால் சாதியின் கதைதான் ஆட்டம் காண்கிறது. மேளமோ பாத்திரமோ அழுக்குத்துணியோ ஒரே வேலையில் அடித்து உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு இப்படி வேலை மாற்றிப் பார்க்கும் சலுகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் தாத்தாவின் வேலையை மறக்க நினைத்தால் அதைக் கிளற எனக்கு உரிமை கிடையாது.

பெருமைக்கு மட்டும் முன்னோரைத் தேடுவது வேறு கதை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 4,200 வருடத்துக்கு முன்னால் இரும்பு உருக்கியவன் இப்போது எல்லோருக்கும் முப்பாட்டன். 60 வருடத்துக்கு முன்னால் துருத்தி ஊதியவனைப் பற்றிப் பேச மட்டும் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கங்கள் எல்லாம் அடங்கிய பழைய சேலம் ஜில்லாவின் இரும்புத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஜோசையா ஹீத், பிறகு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கியவர். ஷெஃபீல்டின் எஃகுத் தொழில் பெருக அந்த முறையும் உதவியது. அவரைப் பற்றித் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. அவருக்கு முன்பே இங்கே மண் உலையில் இரும்பு எடுத்தவர்களில் ஒருவர் பெயரும் வராது.

அப்பா லேத் ஆபரேட்டர். அசோக் லேலண்ட் இங்கே வந்ததும் டிவிஎஸ் 50 வண்டி வந்ததும் 1980இல். அவற்றுக்கு உதிரிபாகம் செய்த சின்ன யூனிட் ஒன்றில் அவருக்கு வேலை. பிறகு டைட்டன் வந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துக் கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் யாருடைய தகப்பனும் கடிகாரம் செய்தவனில்லை. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், ஓசூரைத் தாண்டினால் ஐபோன் பாகங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறார்கள். நூறு வருடம் கழித்து அவர்களுடைய கொள்ளுப்பேத்தி ஒருத்தி தேடினால் என்ன கிடைக்கும் என்று யோசிப்பதுண்டு. காண்ட்ராக்டில் சேர்ந்தவர்களின் பி.எஃப். கணக்கில் பெரும்பாலும் ஆள் கொடுத்த காண்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். 1921இல் ஷெஃபீல்டுக்காரனுக்குக் கிடைத்த கம்பெனிப் பெயர்கூட இவர்களுக்கு நிச்சயமில்லை.

அக்கா மகளுக்கு எழுதி அனுப்பினேன்: கேழ்வரகு, புளி வண்டி, தங்கவயல், அணைக் கல், துருத்தி, பாட்டிக்குத் தனியாகப் புளிக் கூலிக் கணக்கு. துருத்தியை எழுத வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தார். எழுதிவிட்டு, எழுதியதை அவரிடமும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போன் செய்து, தங்கவயலில் தாத்தாவோடு ஒரே லைனில் குடியிருந்தவரின் மகன் ராயக்கோட்டையில் இருப்பதாகச் சொன்னார். மாங்காய் சீசனில் அவர் மண்டியை விட்டு நகர மாட்டாராம். ஆடி பிறந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.