யாயிர் வீட்டு வாசலில்



மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் யாயிரின் மகளை நாம் எல்லோரும் அறிவோம். செபக்கூடத் தலைவராகிய தகப்பன், ஊரார் பார்க்க இயேசுவின் காலில் விழுகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாகக்கிடக்கிறது. வழியிலேயே, இனி ஆண்டவர் வந்தும் பயனில்லை என்ற செய்தி வந்து சேருகிறது.

அதன்பின் நடந்த புதுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் புதுமைக்கு முன்னும் பின்னும் ஆண்டவர் செய்த இரண்டு சிறு காரியங்கள் நம் கண்ணில் படுவதில்லை. அந்த வீட்டில் நிறைந்து நின்று அழுதுகொண்டிருந்த சனத்தை அவர் வெளியே அனுப்பினார். தாயையும் தகப்பனையும் மூன்று சீடரையும் மாத்திரம் உள்ளே கூட்டிச் சென்றார். பிள்ளை எழுந்து நடந்ததும், அதற்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் ஒரு குடும்பத்தை இன்று நினைத்துப் பார்ப்போம்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த வீடாகவும் அது இருக்கலாம். தகப்பன் கடற்றொழிலாளி, அல்லது சீனன்குடாவில் மா ஆலையில் நாட்கூலி. நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. முகம் வெளுக்கிறது. விழாமலே காலில் நீலம் பாரிக்கிறது. ஓடித் திரிந்த பிள்ளை, கால் நோகுது, தூக்கு அம்மா என்கிறது. திருகோணமலை வைத்தியசாலையில் இரத்தம் சோதித்துவிட்டு, உடனே மகரகமவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். இரவுப் புகைவண்டியில் மடியில் பிள்ளையோடு தாய், பக்கத்தில் துணிப்பையோடு தகப்பன். முந்திய காலத்தில் கிண்ணியாப் பக்கத்தார் பாதைக்குக் காத்திருந்து வாவி கடந்தே நகருக்கு வரவேண்டியிருந்தது. 2009இல் பாலம் திறந்தபின் அந்தத் துன்பம் மட்டும் தீர்ந்தது. கொழும்புப் பயணம் அப்படியே இருக்கிறது.

நமது என்புகளுக்குள் இருக்கும் மச்சையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. இந்நோயில் முதிராத வெள்ளணுக்கள் அங்கே கட்டுக்கடங்காமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. ஆகவே சோகை, இரத்தக்கசிவு, அடிக்கடி காய்ச்சல். சிறுவருக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம் வகிப்பது. இது தொற்றாது. தாய் கர்ப்பகாலத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்ததுமன்று, யாரோ இட்ட சாபமுமன்று. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று ஆண்டவர் மறுத்தது யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் பூசையில் வாசிக்கக் கேட்டுவிட்டு, கோவில் வாசலிலேயே அந்தத் தாயிடம் பழைய கேள்வியை வேறு சொற்களில் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் வேறென்ன சொல்ல?

இந்நோயின் வைத்தியம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் மாதங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் கழியும். பின்னர் நீண்ட காலம் பிள்ளை வீட்டில் இருக்க, குறித்த நாட்களில் மகரகமவுக்குக் கொண்டுபோய்க் காட்டிவரவேண்டும். அப்படியானால் அந்த வீடே ஒரு வார்டு, தாயே தாதி. ஒரு மாத்திரை தினமும், இன்னொன்று கிழமைக்கு ஒருமுறை மாத்திரம். கிழமை மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் அதுவே நஞ்சு. துண்டில் எழுதியிருப்பது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க, தாய்க்குத் தெரிந்தது தமிழ் மாத்திரம். பழைய பள்ளிக்கொப்பி ஒன்றில் கோடு கிழித்து, நாளும் மருந்தும் எழுதிச் சுவரில் தொங்கவிடும் தாய்மார் உண்டு. அந்தக் கொப்பியை ஒரு செபப்புத்தகத்துக்கு நிகராகவே நான் மதிப்பேன்.

சில மருந்துகள் பிள்ளையின் முகத்தை ஊதச் செய்யும். நடுச்சாமத்தில் எழுந்து சோறு கேட்கும், கேட்டது கிடைக்காவிட்டால் கத்தும். வேறு சில நாட்களில் வாய் புண்ணாகித் தண்ணீரும் இறங்காது. தலைமுடி கொட்டும். பெரிய பிள்ளையென்றால் கண்ணாடியைப் பார்க்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இந்த வீட்டுக்குத்தான் நாம் போகிறோம். மகரகமவிலிருந்து திரும்பிய செய்தி கேட்டதும் ஒழுங்கை நிறையச் சனம். ஒருவர் கையில் திராட்சை, ஒருவர் கையில் பிஸ்கற் பெட்டி, இன்னொருவர் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டு அழுகிறார். மூன்றாம் வீட்டுப் பெண் இரண்டு நாளாகத் தடிமனோடு இருக்கிறவள், அவளும் வருகிறாள். எல்லாம் அன்பினாலேயே. ஆனால் அந்த மருந்துகள் நோயணுக்களைக் கொல்லும்போது நல்ல வெள்ளணுக்களையும் கொன்றுவிடுகின்றன. நமக்கு மூன்று நாள் தடிமனாகப் போவது அந்தப் பிள்ளைக்கு மரணமாகலாம். கொப்புளிப்பான், சின்னமுத்து வந்த வீட்டார் அந்தப் பக்கமே போகக்கூடாது. தெரியாமல் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே தாய்க்குச் சொல்லிவிடவேண்டும். வைத்தியர் அந்தச் சில நாட்களுக்குள் செய்யக்கூடியவை உண்டு.

கூட்டத்தை வெளியே அனுப்பிய ஆண்டவரை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கு அழுதவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? அயலவர்கள், உறவினர்கள். ஆயினும் அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவையாயிருந்தது அவர்களுடைய சத்தமன்று. வாசலில் நின்று, கைகழுவி, தாயை வெளியே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புகிறவரை யாரும் குறைவாக எண்ணவேண்டாம். நம் ஊரில், உள்ளே விடவில்லை என்று கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் மாமிமார் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை ஆற்றவேண்டிய பாரத்தையும் அந்தத் தாயின் தலையில் போடாதீர்கள்.

நேர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவணித் திருநாளுக்குப் பிள்ளையை மடுவுக்குக் கொண்டுவருகிறேன் என்று தாய் நேர்ந்திருப்பாள். நல்லது. ஆனால் வைத்தியம் நடக்கும்போது அந்தப் புழுதிக்குள்ளும் சனநெரிசலுக்குள்ளும் கொண்டுபோகவேண்டாம். பாட்டி போய் மெழுகுதிரி கொளுத்தட்டும். பாலையூற்று லூர்து அன்னையிடம் தகப்பன் போய்வரட்டும். பிள்ளை சுகமாகி வைத்தியர் விட்டபின் மடுவுக்குப் போகலாம். பிந்தி வந்த நேர்த்தியை மாதா தள்ளிவிடுவாளா?

காய்ச்சல் விடயத்தில் மட்டும் பிந்தக்கூடாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு உடல் 100.4 பாகை பரனைற்றைத் தாண்டினால் அது நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டிய காய்ச்சல். பனடோல் கொடுத்து விடியட்டும் பார்ப்போம் என்று இருப்பது ஆபத்து. அயலில் முச்சக்கரவண்டி வைத்திருக்கும் சகோதரரே, உங்களுடைய தொலைபேசி இலக்கம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறதா?

மருந்தை நம்புவது விசுவாசக் குறைவு என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை அவர்கள் படிக்கவேண்டும். வைத்தியனை மதிக்கச் சொல்கிறது. மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தவர் கடவுளே என்கிறது. நமது சேமக்காலைகளில் யாரும் நடாமல் மணலில் பூத்து நிற்கும் பட்டிப்பூவைப் பார்த்திருப்பீர்கள். நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். அந்தச் செடியை நீரிழிவுக்கு மருந்தாகுமோ என்று 1950களில் ஆராய்ந்தவர்கள், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்ரின் என்னும் மருந்துதான் இன்று உலகெங்கும் இந்நோய் கண்ட பிள்ளைகளின் நாளத்தில் ஏற்றப்படுகிறது. கல்லறையில் பூத்த பூவில் பிள்ளைகளுக்கு உயிர்! (இதை வாசித்துவிட்டுத் தயவுசெய்து யாரும் பட்டிப்பூவை அவித்துக் கொடுக்கவேண்டாம். அளவு தப்பினால் அது நஞ்சு.)

கிழமை மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவில் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தார். அவருடைய குழு செய்துகொடுத்த மருந்தொன்றை பொஸ்ரன் நகரில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் 16 பிள்ளைகளுக்குக் கொடுத்து, 10 பேரில் நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அந்தத் தணிவு சில மாதங்களே நின்றது. ஆயினும் அது ஒரு தொடக்கம். அதே ஆண்டில் சுப்பாராவ் இறந்துபோனார். இன்று நம் பிள்ளை விழுங்கும் மெத்தோட்ரெக்சேற் அந்த மருந்தின் தம்பி.

புனித யூதா ததேயுவிடம் செய்த நேர்த்தியொன்றும் இந்த வரலாற்றில் சேருகிறது. லெபனான் வழிவந்த கத்தோலிக்கரான டானி தோமஸ் என்ற நகைச்சுவை நடிகர், பிழைப்பற்றிருந்த நாளில் அப்புனிதரிடம் வேண்டி, பின்னர் 1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் அவர் பெயரால் சிறுவர் வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். அந்நாளில் இந்நோயின் முக்கிய வகை கண்ட பிள்ளைகளில் 25 பேருக்கு ஒருவரே தப்பினார். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் தப்புகிறார்கள்.

வசதி குறைந்த நாடுகளில் அப்படியில்லை. சிறுவர் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே பத்துக்கு மூன்று பேர்கூடத் தப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. 2030க்குள் ஆறு பேராவது தப்பவேண்டும் என்று 2018இல் இலக்கு வைத்தது. மருந்தில்லாமை ஒரு காரணம். 2022இன் நெருக்கடியில் நம் நாடும் அதைக் கண்டது. இன்னொரு காரணம், வைத்தியத்தை இடையில் விட்டுவிடுவது. பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டது, முடி முளைத்துவிட்டது, இரத்தமும் நல்லது என்கிறார்கள். இனி ஏன் கடன்பட்டுக் கொழும்புக்குப் போவான்? இப்படி நினைத்து நிறுத்திய வீடுகளில் நோய் திரும்புகிறது. தினசரி மாத்திரையில் நூற்றுக்கு ஐந்தைத் தவறவிட்டவர்களில்கூட நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஆனால் புகைவண்டிச் சீட்டு இலவசமல்ல, மகரகமவில் தங்கும் செலவு இலவசமல்ல, தகப்பன் கடலுக்குப் போகாத நாட்களின் கூலியை யாரும் தருவதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அதை மறைத்து எழுதினால் நான் உங்களுக்கு உண்மையுள்ளவனல்ல. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னபின் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது பாவமுமல்ல, கைவிடுதலுமல்ல. வலியைத் தணிக்க வைத்தியர் தரும் கடும் மருந்தை மறுக்கவேண்டாம். திருச்சபை அதை அனுமதிக்கிறது. குருவானவர் தைலத்தோடு வந்தால், அவஸ்தை கொடுக்க வந்துவிட்டார் என்று வீட்டார் கலங்குவார்கள். அந்தப் பெயரும் பயமும் பழையவை. நோயில் பூசுதல் என்னும் இத்திருவருட்சாதனம் கடும் நோயாளருக்குத் திடம் தருவதற்கு. விவரமறிந்த பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்கலாம், மரணத் தறுவாய்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பிள்ளை, நான் செத்துப்போவேனா அம்மா என்று கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். பக்கத்தில் படுத்து, ஏன் மகள் கேட்கிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மரணத்தைப் பற்றியல்ல, தனியே விடப்படுவதைப் பற்றிய கேள்வி.

இனி ஆண்டவரின் இரண்டாவது காரியம்: சாப்பிடக் கொடுத்தல். மரணத்தை வென்ற கையோடு அவர் பேசியது சாப்பாட்டைப் பற்றி. நோயுற்ற பிள்ளைக்கு வீட்டில் சுடச்சுடச் சமைத்ததே நல்லது. அதைத் தாய் பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா மகரகமவில் இருக்கும் இரண்டு கிழமையும் பாணும் சம்பலும் தின்று, தலைவாராமல் பள்ளிக்கூடம் போகும் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது? இடியப்பமும் சொதியும் அவர்களுக்குக் கொண்டுபோங்கள். மறைக்கல்வி ஆசிரியைமாரே, பள்ளிக்கூடம் போகமுடியாத பிள்ளைக்கு, தாய் சம்மதிக்கும் நாட்களில், சுகதேகியான ஒருவர் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வின்சென்ட் டி போல் சபையார் பயணச் செலவை மாதாமாதம் உறையில் இட்டு, பெயர் வாசிக்காமல் கொடுக்கலாம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் இளைஞர் முதல் தடவையாவது மகரகமவரை கூடப்போய், மருந்துத் துண்டைத் தமிழில் எழுதிக்கொடுத்துவிட்டு வரலாம்.

இரத்தமும் வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாட்களுக்குமேல் வைத்திருக்கமுடியாது; அதனால் திருநாள் முகாமில் ஒரே நாளில் இருநூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் இருந்துவிடுவதில் பெரிய பயனில்லை. சுகதேகிகள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். பங்கு இளைஞர் மன்றங்கள் தங்கள் அங்கத்தவரை நான்கு பிரிவாக்கி, மாதம் ஒரு பிரிவாக இரத்த வங்கிக்கு அனுப்பினால் போதும். பெயர்ப் பட்டியலை இந்த ஞாயிறு பூசைக்குப் பின்னரே எழுதத் தொடங்கலாம்.