விழுந்துபோன கண்ணியை விட்டுவிடாதே!

தியான பகுதி: 1 சாமுவேல் 2:18-19, நீதிமொழிகள் 31:13-21, அப்போஸ்தலர் 9:36-42



இந்த மாதம் உங்களோடு ஒரு காலுறையைப் பற்றிப் பேச கர்த்தர் என் உள்ளத்தை ஏவினார். "என்ன பாஸ்டர், உத்தரகோசமங்கை வெயில்ல செருப்பே சுடுது, காலுறையைப் பத்தி என்ன செய்தி?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். சிரித்தது மட்டுமல்ல, பாவமும் செய்தேன். அதை அறிக்கையிடவே இதை எழுதுகிறேன்.

நம்முடைய ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூரார் மரகத நடராஜர் கோயிலைச் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த உத்தரகோசமங்கை வேறொன்றும் உண்டு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும், நெல் விளையும். பெய்யாவிட்டால் மிளகாயும், கருவேலம் கரிமூட்டமும், பனையோலையும்தான் பிழைப்பு. பிள்ளைகள் வளர்ந்ததும் சிலர் அரபு நாட்டுக்குப் போகிறார்கள், சிலர் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அப்படிப் பட்டாளத்துக்குப் போன ஒரு பிள்ளையின் தாய்தான் இந்தச் செய்தியில் வருகிற சகோதரி. விதவை. நம்முடைய சபை விசுவாசி. பேர் வேண்டாம், கர்த்தர் அறிவார்.

மகனுக்கு லடாக்கில் வேலை. லே பட்டணமே கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகும். "அம்மா, ராத்திரியில காலு ரெண்டும் கட்டையா கிடக்கு" என்று ஒரு நாள் போனில் சொல்லியிருக்கிறான். தகப்பன் இறந்ததிலிருந்து அவன் வீட்டுக்குச் சரியாகப் பேசுவதில்லை, சபைக்கு வருவதையும் விட்டுவிட்டான். மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் வந்த அந்த ஒரு வார்த்தையைத் தாய் பிடித்துக்கொண்டார்கள். "என் கையாலேயே அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்புவேன்" என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணினார்கள்.

கடையில் கிடைக்காதா? கிடைக்கும். பட்டாளத்திலும் கொடுக்கிறார்கள். ஆனால் அன்னாளைப் பாருங்கள்! அவள் மகன் சாமுவேல் சீலோவில் தேவ சமுகத்தில் வளர்ந்தான். அவனுக்கு அங்கே உடுப்பு இல்லாமலா போயிற்று? ஆனாலும் அந்தத் தாய் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு பலிசெலுத்தப் போனாள் என்று வேதம் சொல்லுகிறது. சாமுவேல் பெரிய தீர்க்கதரிசியானான். அவன் தாய் தைத்த சின்னச் சட்டையையும் பரிசுத்த ஆவியானவர் எழுதிவைக்க மறக்கவில்லை. ஆமென்!

நம் சகோதரிக்கு ஓலைக் கொட்டான் முடையத் தெரியும், பாய் முடையத் தெரியும். கம்பளிப் பின்னல் தெரியாது. பாளையங்கோட்டைப் பக்கம் மிஷன் ஆஸ்டலில் படித்து, ஓய்வுபெற்று ராமநாதபுரத்தில் இருக்கிற ஒரு டீச்சரம்மாவிடம் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டார்கள். ஊசி சரியாக அமையவில்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி நான்கை வாங்கி, இரண்டு முனையையும் கல்லில் தேய்த்து மழுக்கி, அதையே ஊசியாக்கிக்கொண்டார்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேலே. கண்ணும் சரியில்லை.

இங்கேதான் என் பாவம் வருகிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முன்னதாகவே வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் நான் பிரசங்கத்தில், பேர் சொல்லாமல், "கையிலே ஊசி, வாயிலே ஸ்தோத்திரம்! இது என்ன ஆவிக்குரிய ஜீவியம்?" என்று சத்தம்போட்டேன். பேர் சொல்லாவிட்டால் என்ன? எல்லாத் தலையும் பின்னால் திரும்பிற்று. மூன்று வாரம் அந்தச் சகோதரி சபைக்கு வரவில்லை. நானோ, "பாவத்தைக் கண்டித்தேன்" என்று திருப்தியாய் இருந்தேன்.

மூன்றாம் வாரம் என் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, அந்தம்மா ஒவ்வொரு கண்ணி போடும்போதும் மகன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க. நீங்க நாள் முழுக்க எத்தனை தடவ அந்தப் பையனுக்காக ஜெபிச்சீங்க?" அந்தக் கேள்வி இருபுறமும் கருக்குள்ள பட்டயம்போல என்னை வெட்டிற்று. ஏறத்தாழ ஒரு காலுறைக்கு 6,000 கண்ணி. ஜோடிக்கு 12,000. நான் கணக்குப் பார்த்தேன், வெட்கப்பட்டேன்.

அன்று சாயங்காலமே வேதாகமத்தைத் திறந்தேன். பெந்தெகொஸ்தே நாள் அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் யாத்திராகமம் 28:3-ஐ வாசித்துப் பாருங்கள். ஞானத்தின் ஆவியினால் கர்த்தர் நிரப்பினது யாரை? ஆரோனுக்கு உடுப்பு உண்டாக்குகிறவர்களை! 35-ம் அதிகாரத்தில் ஆட்டுமயிரைத் திரித்த ஸ்திரீகளைக் குறித்து எழுதியிருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நெசவு வேலையும் ஆவியானவர் தந்த ஞானத்தோடு சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. இத்தனை வருஷம் நான் அபிஷேகத்தைப் பிரசங்கித்தேன், ஆனால் அபிஷேகம் விரல்நுனிக்கும் இறங்கும் என்பதைக் கவனிக்கவில்லையே!

சரித்திரமும் என்னைக் கடிந்துகொண்டது. காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-ல் உருவாக்கியவர் இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்ற ஊரில் ஊழியம் செய்த வில்லியம் லீ என்னும் ஒரு குருவானவர் என்று சரித்திரம் சொல்லுகிறது. ஒரு போதகர் காலுறைக்காக மூளையைச் செலவழித்தார், இன்னொரு போதகன் காலுறையைக் கண்டு கோபப்பட்டேன். தூரம் போவானேன்? 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்ல்ஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குச் சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருமானத்தைக்கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டதாக ஊழிய வரலாற்றில் வாசிக்கிறோம். அந்த அம்மையாரின் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியிலும் அதே லேஸ் வேலையைத் தொடங்கினார்கள். ஊசியும் நூலும் சுவிசேஷத்துக்குப் பின்னால் நடந்துவந்த தேசம் இது.

மறுநாள் சகோதரி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, பின்னினதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா, நான் தப்பாப் பேசிட்டேன், என்னை மன்னிச்சிருங்க" என்றேன். சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கட்டும் பாஸ்டர். சும்மா உக்காராம இந்த நூலைக் கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்தார்கள். பிறகு ஊசியையும் கொடுத்து, "ஒரு சுத்து போட்டுப் பாருங்க" என்றார்கள். தேவபிள்ளைகளே, ஒரே ஒரு சுற்று! முக்கால் மணிநேரம் ஆயிற்று. வியர்வையில் கம்பளி விரலில் ஒட்டுகிறது, கம்பி நழுவுகிறது. வேதாகமக் கல்லூரி டிப்ளமா ஒன்றுக்கும் உதவவில்லை. அந்தத் திண்ணையில் அவர்கள் எனக்குக் காட்டின நான்கு காரியங்களை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

1. விழுந்த கண்ணி

வலைக்குச் சொல்வதுபோல் பின்னலின் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறோம். அந்தக் காலுறையில் ஒரு சுற்றுக்கு 48 கண்ணி. மூன்று கம்பியில் பதினாறு பதினாறாக நிற்கும், நான்காவது கம்பியால் பின்ன வேண்டும். அதில் ஒன்று நழுவினால், "நாற்பத்தேழு இருக்கிறதே" என்று விடமுடியாது. இழுக்க இழுக்க அது ஏணிப்படிபோல் கீழே கீழே இறங்கி, காலுறை முழுவதும் ஓடிவிடும். நின்று, தேடி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். லூக்கா 15-ம் அதிகாரத்து மேய்ப்பன் செய்தது அதுதானே? தொண்ணூற்றொன்பது இருந்தும் ஒன்றைத் தேடிப் போனார். என் சபையில் ஒரு கண்ணியை நானே தள்ளிவிட்டு, மூன்று வாரம் பின்னிக்கொண்டே போனேன். பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் விழுந்த கண்ணி யார்? கோபித்துக்கொண்டு போன அண்ணனா? பேசாத மருமகளா? இன்றே தேடுங்கள். நாளாக நாளாக ஏணி நீளும்.

2. குதிங்கால்

கணுக்கால் வரைக்கும் சுற்றிச்சுற்றிப் பின்னுவது எளிது. குதிங்கால் வந்ததும்தான் சோதனை. பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து, போயும் வந்தும் ஒரு மடல்போல் பின்ன வேண்டும். பிறகு நடுவிலே கண்ணிகளைச் சேர்த்துச் சேர்த்துக் குறைத்தால் அது கிண்ணம்போல் வளையும். அதன்பின் இரண்டு ஓரத்திலும் புதுக் கண்ணி எடுத்து மறுபடி சுற்றோடு இணைக்க வேண்டும். சகோதரி ஐந்து முறை பிரித்தது இந்த இடத்தில்தான். ஏன் இவ்வளவு பாடு? திரும்பாத காலுறை வெறும் குழாய். காலுக்கு உதவாது. நம் ஜீவியத்திலும் கர்த்தர் நம்மைத் திருப்புகிற இடம் உண்டு. மனந்திரும்புதல் இல்லாத பக்தி நீளமாய் இருக்கும், பொருந்தாது. இன்னொன்று: காலுறை முதலில் கிழிவதும் குதிங்காலில்தான். ஆகையால் அங்கே தடிப்பாகப் பின்னுகிறார்கள். சத்துரு குறிவைக்கிற இடம் எதுவென்று ஆதியாகமம் 3:15-ல் பார்க்கிறோம். உங்கள் பலவீனமான இடத்தில் ஜெபத்தைத் தடிப்பாகப் போடுங்கள்.

3. பிரிக்கிற கை

"ஐந்து முறை பிரிச்சீங்களே, மனசு விட்டுப்போகலையா?" என்று கேட்டேன். "நூலு வீணாகலையே பாஸ்டர், அப்படியேதான இருக்கு" என்றார்கள். எரேமியா 18-ல் குயவன் கெட்டுப்போன மண்பாண்டத்தைத் தூர எறியவில்லை. அதே களிமண்ணைத் திரும்பவும் வனைந்தான். சில குடும்பங்களில் கர்த்தர் பின்னினதைப் பிரிக்கிறார். வியாபாரம் போயிற்று, மழை தப்பிற்று, மிளகாய் விலை விழுந்தது என்று அழுகிறோம். பிரிக்கிற கை கோபக் கையல்ல. அளவு தெரிந்த கை. நூல் அவர் மடியிலேதான் இருக்கிறது.

4. இரண்டாம் காலுறை

முதல் காலுறை முடிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். அதே 6,000 கண்ணி, அதே குதிங்கால், புதுமை ஒன்றுமில்லை. அநேகர் அங்கே விட்டுவிடுகிறார்கள். எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு தொடங்கினவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஒரு காலுறையோடு எவனாலும் நடக்க முடியாது. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்காதவனை ஜனங்கள் பரியாசம்பண்ணுவதைக் கர்த்தர் லூக்கா 14-ல் சொன்னார். நம்மில் நற்கிரியையைத் தொடங்கினவரோ பாதியில் விடுகிறவரல்ல (பிலிப்பியர் 1:6). அல்லேலூயா!

கடற்கரைப் பட்டணமாகிய யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் பேதுருவிடம் எதைக் காட்டினார்கள்? அவள் செய்த அங்கிகளையும் உடைகளையும். அவள் பிரசங்கித்ததாக ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. அவள் தையல் பேசிற்று. கர்த்தர் அவளை உயிரோடே எழுப்பினார். குணசாலியான ஸ்திரீயோ ஆட்டுமயிரையும் சணலையும் தேடி வேலைசெய்கிறாள், தன் வீட்டாரைக் குறித்துக் குளிருக்கு அஞ்சுகிறதில்லை. உத்தரகோசமங்கையில் ஒரு தாய் லடாக்கின் குளிருக்கு அஞ்சவில்லை!

காலுறைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. பதினைந்து நாள் கழித்து மகன் போன் பண்ணினான். "அம்மா, ஒண்ணு கொஞ்சம் பெருசா இருக்கு, ஒண்ணு சின்னதா இருக்கு" என்று சிரித்தானாம். அவன் சிரித்து வருஷங்கள் ஆயிற்று. அன்றைக்குப் பேசினது இரண்டு நிமிஷமல்ல, அரைமணி நேரம். வைக்கும்போது, "நீ இன்னும் எனக்காக ஜெபம் பண்றியாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவன் இன்னும் ஆண்டவரிடத்தில் திரும்பிவிடவில்லை. ஆகையால் ஜெபிப்பதை நாம் விடக்கூடாது. சகோதரி மறுபடியும் பின்வரிசையில் வந்து உட்காருகிறார்கள், கையில் ஊசியோடு. இப்போது நான் ஒன்றும் சொல்லுகிறதில்லை. அவர்கள் விரல் அசைவதைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்ளுகிறேன்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, வேலைசெய்கிற கைகளை இகழ்ந்த எங்கள் பெருமையை மன்னியும். எங்கள் வீடுகளிலும் சபையிலும் விழுந்துபோன கண்ணிகளை உம்முடைய கரத்தால் தூக்கி எடும். தூரதேசத்தில் குளிரிலும் வெயிலிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். தொடங்கினதை முடிக்கக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.