பீடரஸ் என்று ஒன்று உண்டா?

திருப்பூர் கட்டிங் மாஸ்டர் துணியை அகலவாக்கில் இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்: நன்றாக விரிந்து, விட்டதும் சுருங்கினால் ரிப், அவ்வளவு விரியாவிட்டால் இன்டர்லாக். ஆனால் இழுவை வெறும் அடையாளம். நிட்டிங் மெஷினில் டயல் ஊசியும் சிலிண்டர் ஊசியும் ஒன்றின் சந்தில் ஒன்று நின்றால் ரிப் விழும், நேருக்கு நேர் நின்றால் இன்டர்லாக். இனங்காண்பது ஒன்று, இனமாக இருப்பது இன்னொன்று. இதைப் பிரிக்காததால்தான் 'இனம் உள்ளதா, வெறும் பெயரா' என்ற பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. பசுக்கள் எல்லாவற்றிலும் அழியாத பசுத்தன்மை ஒன்று உறைகிறது என்றனர் வைசேஷிகத் தத்துவவாதிகள். 'சமையற்காரன்' போன்றவை மட்டுமே நாம் ஒட்டிய சீட்டு என்பது அவர்கள் கணக்கு. காஞ்சிப் பக்கத்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தர் திக்நாகரோ, 'பசு' என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே என்றார்.

1775இல் ஃபேப்ரிசியஸ் பெயரிட்ட பீடரஸ் என்ற வண்டுப் பேரினத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். அமராவதி பாசன நெல்வயல் போன்ற ஈரநிலத்தில் வாழ்ந்து, இரவில் டியூப் லைட்டைத் தேடி வரும் பூச்சி. ஒரு சென்டிமீட்டர் நீளம், எறும்புச் சாயல், கறுப்புத் தலை, செம்மஞ்சள் மார்பு, வயிற்றை மூடாத நீலப்பச்சைக் குட்டை இறகு. 2022இல் சிக்கிமில் மாணவர்களின் தோலைக் கொப்புளிக்க வைத்தபோது செய்திகள் இதை 'நைரோபி ஈ' என்றன. இது ஈயும் அல்ல, கடிப்பதும் இல்லை. நசுக்கினால் உடல்நீரிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலை எரிக்கும். இந்த வண்டை இனங்காண உதவும் திறவுகோல் முழுக்க திக்நாகர் வழிதான்: இறகு நீளமா, இல்லை, தள்ளு; அடுத்தது.

அப்படியானால் நஞ்சுதான் பீடரஸ்தன்மையா? பெடரினைச் செய்வது வண்டே அல்ல, பெண் வண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. எல்லாப் பெண்ணிலும் அது இல்லை. பெடரினின் உறவு வேதிப்பொருள்கள் கடற்பஞ்சுகளிலும் உண்டு. வைசேஷிகர் தேடும் உறைபொருள் இங்கே அகப்படாது. அதற்காகத் திக்நாகர் ஜெயித்துவிட்டார் என்றும் ஆகாது. பங்காளி ஆவதற்கு முகச்சாயல் வேண்டியதில்லை, பாட்டன் ஒருவனாக இருந்தால் போதும். நஞ்சில்லாத வண்டும் பீடரஸ் ஆவது அப்படித்தான். பீடரஸிலிருந்து பீடரிடஸை அறிஞர்கள் தனிப் பேரினமாகப் பிரித்தார்களே, உள்ளதென்றால் எல்லை நகருமா என்று கேட்கலாம். நகர்ந்தது வேலி, பாட்டன் வழி வந்த கிளை அல்ல. கிளையை எந்த உயரத்தில் வெட்டிப் 'பேரினம்' என்பது நம் வசதி, அந்த அளவுக்குத் திக்நாகருக்கு விட்டுக்கொடுக்கிறேன். கிளைக்கும் பிறப்பும் அழிவும் உண்டே என்றால், உண்டுதான். நிலையாதது எல்லாம் பொய் என்று பௌத்தர்கூடச் சொல்ல மாட்டார். அந்தப் பாட்டன் வழித் தொடர்ச்சியும் நாம் கோத்த சொல்தான் என்று அவர் மறுத்தால், ஆண் வண்டைக் காட்டுவேன். அதனால் பெடரின் செய்ய முடியாது. உடம்பில் இருக்கும் துளி, தாய் முட்டையில் வைத்து அனுப்பியது, நம் சொல் கோத்தது அல்ல.