மூட்டைக்கு எந்த இடம்?

ரயிலில் ஏறும் மனிதன் வேறு, பஸ்ஸில் ஏறும் மனிதன் வேறு. ஆள் என்னவோ ஒருவன்தான். ஆனாலும் ரயிலில் அவன் ஒரு சின்னக் குடித்தனக்காரன். இருக்கைக்கு அடியில் அவனுக்கென்று ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கே பெட்டியைத் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் வீடு அமைந்துவிட்டது. எதிரே இருப்பவரிடம், "எதுவரைக்கும்?" என்று விசாரிக்கும் தாராளம்கூட வந்துவிடுகிறது. அதே மனிதனை, "ரயில் இதற்குமேல் போகாது, இனி பஸ்ஸில் போங்கள்" என்று வழியில் இறக்கிவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் குடித்தனம் கலைந்துபோகும். இருட்டறையில் சாதுவாகக் கிடந்த சாமான்களெல்லாம் வெளிச்சத்துக்கு வந்து, இடத்துக்காக வழக்காடத் தொடங்கிவிடும்.

அந்த வழக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒருவனுடைய மூட்டைக்கு, இன்னொருவன் நிற்கக்கூடிய இடத்தின்மேல் உரிமை உண்டா? கேட்டவுடனே "கிடையாது" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லுகிறவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ள மனம் இடம் தரவில்லை.

இந்தக் கேள்வி இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தினந்தோறும் கேட்கப்பட்ட ஊர் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் தளர்ந்துபோனதால், 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவது நிறுத்தப்பட்டது. பக்கத்திலே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்படும் வரையில், ராமேசுவரம் வண்டிகள் மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்றுவிட்டன. மண்டபத்தில் இறங்கினால் ராமேசுவரத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பஸ், வேன், ஆட்டோ என்று கிடைத்ததில் ஏறிப் போக வேண்டியதுதான். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1988-இல் சாலைப் பாலம் திறப்பதற்கு முன்பு, தீவுக்குக் காரில் போக நினைத்தவர்கள் காரை ரயிலில் ஏற்றித்தான் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. அன்று மோட்டார் வண்டியே ரயிலுக்கு ஒரு சாமான். பிறகு ரயிலில் வந்த ஜனங்கள் மோட்டார் வண்டிக்குச் சாமான் ஆனார்கள்.

ராமேசுவரம் வண்டியில் வருகிற மூட்டைகளும் லேசுப்பட்டவை அல்ல. வடக்கேயிருந்து வரும் யாத்திரிகர்கள் கோதுமை மாவு, பருப்பு, நெய், அடுப்பு, வாணலி என்று ஒரு சமையலறையையே கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியை இறுக்கி அடைத்த கங்கை நீர். சேதுவில் மணலெடுத்துப் பிரயாகையில் கரைப்பதும், கங்கையைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்விப்பதும் பழைய சம்பிரதாயம். அப்படி வருகிறவர்களுக்கு மூட்டை பிரயாணத்தின் இடைஞ்சல் இல்லை, மூட்டைக்காகத்தான் பிரயாணமே.

2023-இல் ஒரு காலை வேளை, மண்டபத்தில் அப்படி ஒரு கூட்டத்தோடு நானும் பஸ் ஏறினேன். இருக்கைகள் நிறைந்து, நடைபாதையும் பாதி நிறைந்துவிட்டது. கடைசியாக ஏறவேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்ற உள்ளூர்ப் பெண். இன்னொருவர் எழுபது வயது மதிக்கத்தக்க வடநாட்டு அம்மாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு மாவுச் சாக்கு, ஓர் அடுப்பு, போர்வையில் கட்டிய ஒரு மூட்டை. கையில் கங்கை நீர் அடைத்த கேன். அவருடைய மனிதர்கள் ஏற்கெனவே உள்ளே ஏறி, ஆளுக்கொரு சுமையோடு நசுங்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றிருந்தார். நல்ல மாதிரி, முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். அவர் கண்டக்டரிடம் சொன்னார்: "பாட்டி ஏறட்டும் சார், சாக்கு எதுக்கு? சாக்கு நிக்கிற எடத்துல அந்தக் குழந்தை நிக்கலாமே."

கண்டக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஆளு ஏறட்டும். சாமான் அடுத்த வண்டியில வரட்டும்."

சாமான் தானாக நடந்து வந்து டிக்கெட் வாங்கிக்கொள்ளும் போலிருக்கிறது! தானே கொண்டுபோகும் சாமானுக்குப் பிரயாணியே காவல் என்பது ரயிலில்கூட விதி. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்லுகிறது. ரயில்வே தரப்பின் அஜாக்கிரதையோ தவறோ நிரூபணமானாலொழிய, தொலைந்ததற்கு ரயில்வே பொறுப்பில்லை. அந்த அம்மாளுக்குச் சட்டமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆனால் கண்டக்டரின் கையசைப்பு புரிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, "நீங்கள் போங்கள்" என்று சைகை காட்டிவிட்டு, தரையில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். மனுஷிக்குத் துணையாக வந்த மூட்டைக்கு, மனுஷி துணையாகிவிட்டாள்.

அந்த இளைஞரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் வாதம் பழுதில்லாதது. ஒரு குழந்தையையும் ஒரு சாக்கையும் எதிரெதிரே நிறுத்தினால், சாக்குதான் விலக வேண்டும். அதற்கு அப்பீலே கிடையாது. எனக்கு உறுத்தியது வேறு. அவர் பை அவ்வளவு சிறியதாக இருந்ததே, எப்படி? தீவில் அவருக்கு ஒரு விடுதியில் அறை இருந்திருக்கும். அங்கே மெத்தையும் போர்வையும் துண்டும் சோப்பும் தயாராகக் காத்திருக்கும். பசித்தால் இட்லி, வெந்நீருக்குக் குழாய். அவருடைய மூட்டையும் கனமான மூட்டைதான். ஆனால் அதை வேறு யாரோ ஏற்கெனவே சுமந்து தீவில் சேர்த்துவிட்டார்கள். அவர் சட்டைப்பையில் கொண்டுபோனது அதன் சாவியை மட்டும். அந்த அம்மாளுக்கு அப்படிப்பட்ட சாவி கிடையாது. வேண்டியதையெல்லாம் வேண்டியதாகவே கட்டித் தூக்கிவர வேண்டியிருக்கிறது.

சாமான் குறைந்தால் சுகம் கூடும் என்று ரயில்வேக்காரர்கள் நெடுங்காலமாக நமக்கு உபதேசம் செய்து வந்திருக்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவர்களுடைய கணக்கையே பாருங்கள். இலவசமாகக் கொண்டுபோகும் சாமான், ஏ.சி. முதல் வகுப்பில் 70 கிலோ. தூங்கும் வசதி வகுப்பில் 40. சாதாரண இரண்டாம் வகுப்பில் 35. அதிகக் காசு கொடுத்தவருக்கு அதிக எடை. வியாபார நியாயத்தில் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. இருந்தாலும், போகிற ஊரில் எதையும் விலைக்கு வாங்கிக்கொள்ளக் கூடியவருக்கு 70-உம், அரிசியிலிருந்து பாய் வரைக்கும் கட்டித் தூக்கவேண்டியவருக்கு 35-உம் கிடைப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. லேசாகப் பிரயாணம் செய்வதை ஒரு குணமாகவே நாம் கொண்டாடுகிறோம். பாதி நேரம் அது குணமல்ல, வசதி.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் துறவி இல்லை. அதே மண்டபத்தில் ஒரு முகாம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை அங்கே தங்கவைத்து, நோய் நொடி பார்த்து அனுப்பிய காலம் ஒன்று. பிறகு 1964-இல் இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் போட்டு, பரம்பரையாகத் தோட்டங்களில் உழைத்தவர்களைத் திரும்ப அனுப்பியபோது, தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் பலர் அந்த முகாமுக்குத்தான் வந்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. மூன்று தலைமுறையின் வாழ்க்கை அதற்குள் அடங்கியாக வேண்டும். அவர்களைப் பார்த்து யாராவது, "பேஷ்! எவ்வளவு லேசாக வந்திருக்கிறீர்கள்!" என்று சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? மூட்டையின் கனத்தைக் கொண்டு ஆசையை நிறுத்துப் பார்க்கிற தராசு எங்கும் சரியாக வேலை செய்வதில்லை.

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன். ஜன்னலோரத்தில் ஒரு மீன்காரி உட்கார்ந்திருந்தாள். விற்றுத் தீர்ந்த அன்னக்கூடை காலடியில் கிடந்தது. நடக்கும் விவகாரத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இங்கிட்டுக் குடு ஆத்தா, என் மடியில கெடக்கட்டும்" என்றாள். மாவுச் சாக்கைக் கீழே நின்ற யாரோ தூக்கிக் கொடுக்க, அது அவள் மடிக்குப் போயிற்று. போர்வை மூட்டை என் பங்குக்கு வந்தது. மிச்சம் அடுப்பு. மீன்காரி காலால் கூடையை நகர்த்தி, "இதுக்குள்ள போடு" என்று காட்டினாள்.

அந்த அம்மாள் கூடையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். யாத்திரைக்கென்று கழுவித் துடைத்து, வெங்காயம்கூடப் படாமல் வைத்திருந்த அடுப்பாக இருக்கலாம். கூடையிலோ மீன் செதிள் இன்னும் காயவில்லை. ஒரு கணம்தான். பிறகு அவரே படியேறி, குனிந்து, அடுப்பைக் கூடைக்குள் வைத்தார். கங்கை நீரை மட்டும் யாரிடமும் தரவில்லை. குழந்தைக்காரியும் ஏறிவிட்டாள். பாம்பன் பாலத்தின்மேல் போகும்போது சாக்கின் தையலில் மாவு கசிந்து, மீன்காரியின் சேலை முழங்கால் வரைக்கும் வெளுத்துக் கிடந்தது. அந்த அடுப்பைப் பின்னால் அக்னி தீர்த்தத்தில் மூன்று முறை முக்கி எடுத்தார்களோ என்னவோ! எடுத்திருந்தாலும் எனக்கு அந்த அம்மாளிடம் மதிப்புக் குறையாது.

மடி என்பது ஆச்சரியமான இடம். அது ஆளுக்குரிய இடமா, சாமானுக்குரிய இடமா என்று எந்த விதிப் புத்தகமும் சொல்லவில்லை. 35 கிலோ என்று சர்க்கார் எழுதலாம். சாமானுக்குத் தனியாக டிக்கெட் போடலாம். "மடியைக் கொடு" என்று யாருக்கும் உத்தரவு போட முடியாது. சாக்கா குழந்தையா என்ற கேள்வியில் மூன்றாவது விடை இருப்பது அந்த இளைஞருக்கும் கண்டக்டருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் இடத்தை எண்ணினார்களே தவிர, தங்களை அந்த இடத்தில் சேர்த்து எண்ணவில்லை. "மூட்டையை இறக்கு" என்று இன்னொருவரிடம் சொல்லுமுன், அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளத் தயாரா என்று ஒரு தரம் யோசிக்கலாம். யோசித்த பிறகும் இறக்கத்தான் வேண்டுமென்றால், அப்போது சொல்லும் குரலே வேறாக இருக்கும்.

ஆனால் இதைச் சொல்லி முடித்துத் திருப்தியாகச் சாய்ந்துகொள்ளவும் முடியவில்லை. மடியைக் கொடுத்தவள் யார்? விடியுமுன் எழுந்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வந்தவள். பஸ்ஸிலேயே அதிகமாகக் களைத்திருந்தவள் அவளாகத்தான் இருக்கும். 2021 டிசம்பரில் குளச்சலில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறதென்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அது பெரிய செய்தியாகி, சம்பந்தப்பட்ட ஊழியர்கள் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாடெங்கும் பரிதாபப்பட்டோம். தன் கூடைக்கே பஸ்ஸில் இடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அடுத்தவர் மூட்டையின் சங்கடம் சட்டென்று புரிகிறது என்றால், புரியவேண்டிய மற்றவர்களுக்கு அது என்ன பெருமை? ஏழையின் சுமையை ஏழையின் மடியில் ஏற்றிவிட்டு, "என்ன கருணை!" என்று எதிர் இருக்கையிலிருந்து வியப்பது மிகவும் சுலபம்.

கண்டக்டருக்காகவும் ஒரு வார்த்தை. வண்டி நேரத்துக்குப் போகவேண்டும். படியில் நிற்பவர் விழுந்தால் அவர் தலைதான் உருளும். நூற்றுக்கணக்கான பேரை ரயில் ஒரே மூச்சில் இறக்கிவிட்டுவிடும்; பஸ்ஸோ அதில் ஒரு சிறு பங்கை அள்ளிக்கொண்டு போகிற கரண்டி. கரண்டியின் மேல் கோபித்து என்ன பயன்? ரயிலை நிறுத்தத் தீர்மானிக்கிறவர்கள், சாமானுக்கென்று பின்னாலே ஒரு லாரியையும் அதற்கு ஒரு காவலாளையும் ரசீதுப் புத்தகத்தையும் சேர்த்துத் தீர்மானித்தால், கண்டக்டர் அதர்மவானாக வேண்டியதில்லை. மீன்காரி புண்ணியவதியாகவும் வேண்டியதில்லை.

ராமேசுவரத்துக்கு மறுபடியும் ரயில் போகிறது. அந்த 20 கிலோமீட்டர் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் ரயிலை விட்டிறங்கி பஸ்ஸுக்கு மூட்டை சுமப்பது அதோடு தீரவில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு விடியற்காலையில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பாருங்கள். தெற்கேயிருந்து வரும் பாண்டியனும் பொதிகையும் அடுத்தடுத்து வந்து நிற்கும். புது அரிசி ஒரு சிப்பம், நாலு தேங்காய், மாவடு ஜாடி, பேரனுக்கு முறுக்கு டின் என்று தாய்மார்கள் இறங்குவார்கள். மேம்பாலப் படியேறி, மாநகர பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு, "சாமானை ஓரமா வைம்மா" என்பதை நாலு பேர் வாயால் கேட்டுக்கொண்டு, அவர்கள் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். சிலருக்குப் பிள்ளை ஸ்டேஷனுக்கே வந்திருப்பான். "ஏம்மா, இதெல்லாம் இங்கே கடையிலே கிடைக்காதா? எதுக்கு இப்படித் தூக்கிண்டு வரணும்?" என்று அவன் கேட்பது தவறாமல் காதில் விழும். சிலர் சிப்பத்தை அம்மா கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கேட்கிறார்கள். சிலர் கேட்டு முடித்த பிறகு வாங்குகிறார்கள்.