கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?



நாம் வியாபாரிகள். சரக்கை லாரியில் ஏற்றியதும் வேலை முடிந்ததென்று கல்லாவில் சாய்ந்து விடுவோமா? போய்ச் சேர்ந்ததா, எடை சரியா என்று விசாரித்து, கையெழுத்து வந்த பிறகுதான் நம் மனம் ஆறும். ஆனால் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கும் தர்மத்தில் மட்டும், கொடுத்த கையோடு கணக்கை மூடிவிடுகிறோம். இது முறைதானா?

ஹிஜ்ரி 2-ல் நடந்த பத்ருப் போரை நினையுங்கள். சிறைப்பட்ட குறைஷிகளில் மீட்புப் பணம் கட்ட வசதியற்ற, எழுத்தறிந்தவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வழி வைத்தார்கள். ஒவ்வொருவரும் மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் எழுதத் தேறிய பின்னரே விடுதலை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. “கற்றுக்கொடுத்தேன்” என்ற வாய்ச்சொல் அங்கே செல்லவில்லை!

நம் காலத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. வங்காள தேசத்தின் ஃபஸ்லே ஹஸன் ஆபித் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1970-ம் ஆண்டுப் புயலும் 1971-ம் ஆண்டுப் போரும் அவர் மனத்தை மாற்றின. லண்டனிலிருந்த தம் வீட்டை விற்று, 1972-ல் சுல்லா என்னும் பின்தங்கிய பகுதியில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் அங்கே வயிற்றுப்போக்கால் குழந்தைகள் ஏராளமாக மாண்டன. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இந்தக் கரைசலைச் செய்ய 1980 முதல் பத்தாண்டு காலம் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! கற்பித்த பெண்களுக்குக் கூலி எப்படித் தெரியுமா? பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று கேள்வி கேட்பார். தாய்மார் நினைவில் எவ்வளவு நின்றதோ, அதற்குத் தக்க கூலி!

அப்படிப் போய்ப் பார்த்ததால்தான் ஒரு குறையும் வெளிப்பட்டது. பாடம் தெரிந்தும் பல தாய்மார் கரைசலைக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்பித்தவர்களில் சிலரே தமக்கு நோய் வந்தபோது மாத்திரையைத் தேடினார்களாம். தனக்கே நம்பிக்கையில்லாத சொல் பிறர் நெஞ்சில் இறங்குமா? ஆகவே முதலில் அவர்களைத் தெளிவித்தார்கள். கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள்.

1985-ல் அதே நிறுவனம் ஏழைப் பிள்ளைகளுக்காக 22 பள்ளிகளைத் திறந்தது. ஓர் அறை, அந்தக் கிராமத்துப் பெண்ணே ஆசிரியை, முப்பது பிள்ளைகள், அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். கிராமத்து வேலைக்கு ஏற்றபடி பாட நேரம். கட்டிடம் சிறிது, கவனிப்பு பெரிது.

சகோதரர்களே! நம்மில் பலர் ஊர் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாரி வழங்குகிறோம். கட்டிடம் எழும்புகிறது, கல்லில் பெயரும் ஏறுகிறது. அடுத்த முறை போகும்போது கல்லைப் பார்த்துத் திரும்பாதீர்கள். கடைசி வரிசைப் பிள்ளையை அன்போடு அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் அதுவே உங்கள் ரசீது. வாசிக்காவிட்டால் பிள்ளையைக் கடியாதீர்கள். காலையில் சாப்பிட்டதா, உஸ்தாதுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

மனிதன் மறைந்த பின்னும் நிலைக்கும் நன்மைகளில் ஒன்று பயன்தரும் கல்வி என்பது நபிமொழி. “பயன்தரும்” என்ற சொல்லை மறவாதீர்கள். நம் தர்மம் உரியவரைச் சேர வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.