கலைக்கூடமும் கொம்பனித்தெருவும்

ஒரு நகரத்தின் கலைக்கூடங்கள் அந்நகர மக்களுக்குச் சொந்தமாவது எப்போது? வாயிற்கதவு திறந்திருப்பதாலும், நுழைவுக் கட்டணம் இல்லாதிருப்பதாலும் மட்டும் அது நிகழ்ந்துவிடுமா? கலை மக்களுக்கே என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் நாம், இக்கேள்வியை நமது தலைநகரின் தெருக்களில் வைத்து ஆராய்ந்து பார்த்தல் அவசியம். கொள்கையளவில் எளிதாக விடை தரும் கேள்விகள், தெருவில் இறங்கியதும் சிக்கலாகிவிடுவதுண்டு.

கொழும்பில் ஓவியம் பார்க்கப் புறப்படுபவர் பெரும்பாலும் கறுவாத்தோட்டத்துக்கே செல்ல நேரும். அங்கே கில்போர்ட் கிறசன்ரில் லயனல் வெண்ட் கலையரங்கம் நிற்கிறது. அவ்விடத்திலிருந்த வெண்டின் இல்லத்திலேதான் 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் '43 குழு' தோன்றியது. ஆங்கிலேயரின் ஓவியப் பாணியைப் பின்பற்றுவதையே கலையெனப் போற்றிய இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆதிக்கத்தை மறுத்து எழுந்த குழு அது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், விகாரைச் சுவரோவியங்களை அயராது பிரதிசெய்து காத்த மஞ்சுஸ்ரீ முதலியோர் அதில் இருந்தனர். வெண்ட் 1944இல் மறைந்தார்; அவர் பெயரால் அரங்கம் 1953இல் திறக்கப்பட்டது. பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றமாக நின்று அக்குழுவினரின் ஓவியங்களைப் பாதுகாத்து வருகிறது.

இக்கலைஞர்களுட் பலர் வசதி படைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அதைக் காட்டி அவர்களுடைய படைப்புக்களை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அது அவசரத் தீர்ப்பு. குடியேற்ற ஆட்சி நமது கண்களுக்குப் பூட்டியிருந்த கடிவாளத்தைக் கழற்றி, இம்மண்ணின் உருவங்களையும் நிறங்களையும் நமது முறையிலேயே தீட்டலாம் என்று நிறுவியவர்கள் அவர்கள். குறை ஓவியத்தில் இல்லை. ஓவியத்துக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள வெளியில் இருக்கிறது. சட்டத்துக்குள் நாட்டுப்புறப் பெண் அழகாக நிற்கிறாள். அவளைப் போன்ற ஒருத்தி அக்கூடத்துக்கு வருகிறாளெனில், காலையில் தரையைக் கூட்டித் துடைக்கவே வருகிறாள். பல கூடங்களில் விளக்கக் குறிப்புக்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. அவளைத் தடுப்பவர் எவருமில்லை, அழைப்பவரும் எவருமில்லை.

பாமர மக்களுக்கு நவீன ஓவியம் விளங்காது, ஆகவே இந்த இடைவெளி இயல்பானதே என்பர் சிலர். அவர்களுக்கான மறுமொழி பொரளையில் இருக்கிறது. அங்குள்ள கோதமி விகாரையின் சுவர்களில் புத்தருடைய வாழ்க்கை வரலாற்றைத் தீட்டி 1940இல் நிறைவு செய்தவர் அதே ஜோர்ஜ் கீற். கூடத்தில் 'விளங்காதவை' எனப்படும் அதே கோடுகளும் வளைவுகளுமே அங்கும் உள்ளன. ஆயினும் பூத்தட்டேந்தி வரும் அடியார்களுக்கு அவை அந்நியமானவை அல்ல. ஏனெனில் அங்கே அவர்கள் விருந்தினரல்லர், உரிமையாளர். உரிமை இருக்குமிடத்தில் விளக்கம் தானே பிறக்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்த முயற்சிகள் இல்லாமலில்லை. 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெற்றுவரும் 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தையில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் கலைஞர்கள் நடைபாதையிலும் மரநிழலிலும் தம் படங்களைப் பரப்பி நேரடியாக விற்கின்றனர். 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழிகளிலும் விளக்கமளித்துக் கட்டணமின்றி மக்களை வரவேற்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கலை கூடத்தைவிட்டு வெளியேறி, மக்கள் வாழும் தெருவுக்கே வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இங்கேதான் கொம்பனித்தெரு நமக்குப் பாடம் புகட்டுகிறது.

ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்திருந்தமையால் ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எனப் பெயர்பெற்ற பகுதி அது. அதன் தமிழ்ப் பெயரோ ஒல்லாந்தக் கம்பனியின் நினைவைச் சுமந்து நிற்கிறது. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த இடம். அங்குள்ள றியோ படமாளிகை 1983 ஜூலை வன்செயலில் தீக்கிரையாயிற்று. அதன் கருகிய கட்டடத்தில் 2019இலும் 2022இலும் 'கொழும்பஸ்கோப்' கலைவிழாவின் காட்சிகள் இடம்பெற்றன. அத்தெருக்களிலேயே வளர்ந்த இளைஞரையும் உள்ளடக்கிய ஓவியர் குழுவொன்று, 'நாங்கள் இந்த இடத்தவர்' எனப் பொருள்படும் பெயர் பூண்டு, அங்கு வாழ்வோரின் முகங்களை ஒழுங்கைச் சுவர்களில் வரைந்தது.

ஆனால் அந்த முகங்களுக்குப் பின்னாலிருந்த வரலாறு என்ன? 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதமே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை அகற்றி மாடிக் குடியிருப்புகளில் அமர்த்தும் திட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. சேரி எனக் கூறி மக்களை அகற்றிய நிலத்தில் ஆடம்பரக் கோபுரங்கள் எழுந்தன.

சுவருக்கு வர்ணம் பூசிய ஓவியன் எந்த வீட்டையும் இடிக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழை மக்களின் ஒழுங்கைக்கும் அழகு வேண்டும். அதை மறுப்பவன் மக்களின் நண்பனல்லன். எனினும் 'கலைப் பேட்டை' என்னும் பெயர் ஓரிடத்துக்கு வந்ததும், அங்கே காணியின் விலையும் பெருகக் கூடும் என்பதைப் பல நாடுகளின் நகரங்கள் காட்டியுள்ளன. ஓவியத்தைப் பார்க்க வருபவருக்குப் பின்னால் நிலத்தை அளக்க வருபவரும் வருகிறார். வீட்டுக்காரர் வெளியேறிய பின் அவருடைய முகம் மட்டும் சுவரில் எஞ்சுமாயின், அதனைக் கலையின் வெற்றி என்பதா, இழப்பின் அடையாளம் என்பதா?

ஒரே சுவரில் இருவிதமான ஓவியம் தோன்றலாம். ஒன்று இடத்தை விலைக்கு அலங்கரிப்பது. மற்றொன்று இங்கே மனிதர் வாழ்கின்றனர், அவர்களுக்கு இங்கு உரிமையுண்டு என்று சாட்சி சொல்வது. இவற்றைப் பிரித்தறிய நிறத்தையும் கோட்டையும் மட்டும் பார்த்தாற் போதாது. வரைந்தவர் அங்குள்ளோரின் சம்மதத்தைப் பெற்றாரா, அவர்களோடு சேர்ந்து வரைந்தாரா, வெளியேற்றக் கட்டளை வந்த நாளில் அவர்கள் பக்கம் நின்றாரா என்பவற்றையும் கேட்க வேண்டும். இக்கேள்விகள் கலைக்குப் புறம்பானவை அல்ல. கலையின் நேர்மையைச் சார்ந்தவை. கொம்பனித்தெருவின் இளைஞர்கள் தம் அயலவரின் முகங்களை வரைந்தபோது இவற்றுக்கு விடையளிக்கத்தான் முயன்றனர் என்று கருதுகிறோம். அதனாலேயே அம்முயற்சி மதிப்புக்குரியதாகிறது. ஆனால் தூரிகையால் மட்டும் ஒரு கூரையைக் காப்பாற்ற முடியாது.

ஆசிரியரும் மாணவரும் ஆற்றவேண்டிய பணி இதிலிருந்து பிறக்கிறது. மாணவரை வெண்ட் கூடத்துக்கு அழைத்துச் செல்வோம். அது அவர்களின் முதுசொம். அதே நாளில் கோதமி விகாரைக்கும் கொம்பனித்தெருவுக்கும் அழைத்துச் செல்வோம். 'இது அழகாக இருக்கிறதா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இது யாருடைய சுவர், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்கவும் பழக்குவோம். கூடங்கள் மும்மொழியிலும் பேச வேண்டுமெனக் கோருவோம். குடியிருப்பவரின் உரிமைக்காகக் குரல் எழும்போது கலைஞரும் அதில் இணையவேண்டுமெனக் கேட்போம். கூடத்தைத் துடைக்கும் பெண் வேலை முடிந்த பின், தன் பிள்ளையின் கையைப் பிடித்து வந்து, தயக்கமின்றி ஓர் ஓவியத்தின் முன் நிற்கும் நாளில்தான் கலைக்கூடத்தின் வாயில் உண்மையிலேயே திறந்ததாகும்.