இரவு மைதானமும் ஒளியின் கடனும்

காண்பதற்கு ஒளி வேண்டும். அவ்வொளி எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் செலுத்துகிறார் என்னும் வினாக்களைக் காண்போர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பகலில் அவற்றை எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. சூரியன் எவரிடமும் விலை கேட்பதில்லை. இரவிலே, குறைந்த ஒளியிலே, விரைந்து அசையும் மனிதரைப் படம்பிடிக்க முனையும்போதுதான் இவ்வினாக்கள் தலைதூக்குகின்றன. இரவுநேர விளையாட்டுக்களைப் படம்பிடித்தல் வெறும் தொழில்நுட்ப விடயம் போலத் தோன்றினும், அதனுள்ளே ஓர் அறவியற் பிரச்சினையும் அடங்கியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதியை அண்டி இருவகை இரவு மைதானங்களைக் காணலாம். ஒன்று, 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பல்லேகல சர்வதேச கிரிக்கெட் மைதானம். 2024 ஜூலை 30 ஆம் திகதி இந்திய, இலங்கை அணிகள் மோதிய இருபது ஓவர் ஆட்டம் சமநிலையில் முடிந்து, சுப்பர் ஓவரினால் வெற்றி தீர்மானிக்கப்பட்டது இங்கேதான். மற்றையது, கிராமத்திலும் தோட்டத்திலும் கம்பங்களை நட்டு, மின்குமிழ்களைக் கட்டி, கரப்பந்தாட்டம் நடைபெறும் சிறு திடல். 1991 ஆம் ஆண்டு தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்ட கரப்பந்தாட்டம் உயிர்வாழ்வது இத்தகைய திடல்களிலேயே எனலாம். உச்சிவேளைச் சூரியவொளி ஏறத்தாழ 100,000 லக்ஸ் அளவினது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென அமைக்கப்பட்ட அரங்கொன்றின் ஒளி ஏறத்தாழ 2,000 லக்ஸ். கிராமத் திடலிலோ அதில் பத்திலொரு பங்கு கிடைத்தாலே பெரிது. ஆகவே ஒரே இரவு இவ்விரு மைதானங்களுக்கும் ஒரே இரவன்று.

ஒளி குறைந்தவிடத்துப் படமெடுப்பவன் அதனை எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டியவனாகிறான். அவன் முன்னே நான்கு வழிகள் உள. முதலாவது, கமராவின் ஷட்டரைக் கூடிய நேரம் திறந்து வைத்தல். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து, வினாடியில் 60 இல் ஒரு பங்கு நேரத்தில் 33 சென்ரிமீற்றர் தூரம் செல்லும். கரப்பந்தின் விட்டமோ ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். எனவே படத்தில் பந்து பந்தாக இராது. ஒரு கோடாகவே நீளும். இரண்டாவது, வில்லையின் துவாரத்தைப் பெரிதாக்குதல். அப்போது ஒருவர் முகம் தெளிவாக, அவர் பின்னே நிற்போர் மங்கிப்போவர். மூன்றாவது, ஒளியுணர்திறனை உயர்த்துதல். அதனாற் படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். நான்காவது, பிளாஷ் ஒளியைப் பாய்ச்சுதல்.

முதல் மூன்று வழிகளையும் நான்காவதையும் ஒரே வரிசையில் வைத்தெண்ணுவது தொழில்நுட்ப நூல்களின் வழக்கம். அறவியல் நோக்கில் அவற்றிடையே பெரும் பிளவொன்றுண்டு. முதல் மூன்றிலும் கடனைத் தீர்ப்பது படம், அதாவது படமெடுப்பவனே. நான்காவதில் கடனைத் தீர்ப்பது விளையாடுபவரின் கண். இருளுக்குப் பழகிய கண்ணிற் சடுதியாகப் பாயும் ஒளி, பார்வையிலே சிறிது நேரம் நீங்காத ஒரு வெண்பொட்டை விட்டுச் செல்கிறது. பந்து வலையைத் தாண்டி வருவதற்கு அவ்வளவு நேரங்கூட வேண்டியதில்லை. தேகப்பயிற்சி வித்தைப் போட்டிகளிலே பிளாஷ் தடைசெய்யப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அங்கே ஒரு கணம் கண் கூசினால், வீராங்கனை இழப்பது புள்ளிகளாக மாத்திரம் இராது.

தெளிவற்ற படம் பொய்ப் படமல்லவா, உண்மையைத் தெளிவாகக் காட்டுவதும் ஒரு கடமையல்லவா என ஒருவர் வினவலாம். 1878 இல் கலிபோர்னியாவிலே மைபிரிட்ஜ் என்பார், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைத் தொடாதிருப்பதைப் படங்களால் நிறுவினார். கண் காணாத உண்மையைக் கமரா கண்டது. ஆயினும் சிற்பி ரொடின் இதற்கு மாறான கருத்தினர். காலம் ஒருபோதும் நிற்பதில்லையாதலால், அதனை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய்யுரைக்கிறது என்பது 1911 இல் வெளியான உரையாடல்களில் அவர் கொண்ட நிலைப்பாடு. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. உறைந்த பந்து பந்தின் இடத்தைக் கூறுகிறது. கோடாக நீண்ட பந்து அதன் வேகத்தைக் கூறுகிறது. எனவே மங்கலைப் பொய்யென்று ஒதுக்க நியாயமில்லை. வள்ளுவர் வாய்மையை வரையறுக்குமிடத்து அதனைத் தீங்கின்மையோடு பிணைத்துக் கூறியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பிறர்க்குத் தீங்கிழைத்துப் பெற்ற தெளிவிலும், தீங்கின்றிப் பெற்ற மங்கலே வாய்மைக்கு அணித்தானது என அதனின்று நாம் கொள்ளலாம்.

பெறுபவன் ஒருவன், விலை செலுத்துபவர் வேறொருவர் என்ற நிலை தெல்தெனிய மக்களுக்குப் புதியதன்று. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் 1985 இல் நிறைவுற்ற விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரமானது. 210 மெகாவாற் மின்னுற்பத்தித் திறனுடையது. அதன் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. மேட்டுநிலத்திலே புதிய நகரம் எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரின் சிதைவுகள் மேலே தெரிகின்றன. அணையின் மின்சாரம் தேசிய மின்வலையமைப்பிற் கலந்து நாடெங்கும் செல்கிறது. அத்திட்டம் வேண்டாததென்று நாம் வாதிடவில்லை. எந்த ஒளியும் விலையின்றி வருவதில்லை என்பதும், அவ்விலையைச் செலுத்தியவர் ஒளியின் வட்டத்துக்கு வெளியே நிற்பவராக இருக்கக்கூடும் என்பதும் இவ்வூர் தரும் பாடம்.

இனி, எம் கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான தடையொன்றை நோக்குவோம். பல்லேகலவில் ஆடும் வீரருக்குப் பிளாஷ் தேவையில்லை. உயர்ந்த விளக்குக் கோபுரங்களும் விலையுயர்ந்த வில்லைகளும் அவரைத் தெளிவாகப் பதிவுசெய்கின்றன. பகல் முழுவதும் கொழுந்து பறித்தோ மரக்கறி பயிரிட்டோ உழைத்தபின் இரவிலே பந்தாடும் இளைஞருக்கு அவ்வசதி ஏது? ஒரு கைத்தொலைபேசியும் அதன் சிறு ஒளியுமே அவருக்குண்டு. அதனையும் தவிர்க்கச் சொன்னால், ஏற்கெனவே வெளிச்சம் பெற்றவர் மேலும் வெளிச்சம் பெறுவர். இருளில் உள்ளவர் இருளிலேயே மறைந்துபோவர். ஆட்டத்தின் நடுவே ஒரு கணம் கண் கூசுவதிலும், வாழ்நாளில் ஒரு படமேனும் இல்லாமற் போவது பெரிய இழப்பல்லவா?

இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் அது பிளாஷ் ஒளிக்கும் இருளுக்கும் இடையே வேறு வழியில்லை எனக் கொள்கிறது. வழியுண்டு. மேலே எழும்பிப் பந்தை அடிப்பவர், எழுச்சியின் உச்சியில் ஒரு கணம் மேலும் செல்லாது கீழும் இறங்காது நிற்கிறார். அக்கணத்தில் அவருடல் ஏறத்தாழ அசைவற்றது. வினாடியில் 125 இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருப்பினும் முகம் தெளிவாகவே பதியும். கை சற்று மங்கலாம், அது அடியின் வேகத்துக்குச் சான்றாகும். இக்கணத்தை முன்கூட்டி அறிவதற்கு ஆட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும்; ஆடுபவரை நெடுநேரம் அவதானித்திருத்தல் வேண்டும்; பல படங்கள் வீணாவதைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். ஒளிக்கு ஈடாகப் படமெடுப்பவன் இங்கே செலுத்துவது தன் கவனத்தையும் பொறுமையையுமே. மனிதரை ஒருபோதும் வெறும் சாதனமாக மாத்திரம் நடத்தலாகாது என்ற தத்துவஞானி கான்ற் அவர்களின் கோட்பாடு, ஒரு சிறு திடலின் ஓரத்திலே இவ்வாறு நடைமுறைக்கு வருகிறது.

பிளாஷ் ஒளி எக்காலத்தும் தீதென்பதும் எம் கருத்தன்று. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அரங்குகளிலே கூரையின் உயரத்திற் பொருத்தப்பட்ட மின்னொளிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. ஏற்பாட்டாளர் அதனை அறிவர். ஒளியும் ஆடுபவரின் கண்ணுக்கு நேரே பாய்வதில்லை. சம்மதத்தோடு பெறும் கடன் வேறு, கேளாது எடுப்பது வேறு. கிராமத் திடலிலும் ஆட்டம் முடிந்தபின் அணியினரைக் கேட்டு, ஒன்றாக நிறுத்தி, பிளாஷ் ஒளியில் ஒரு படம் எடுப்பதை எவர் தடுப்பார்? மாறாக, பெரிய அரங்கின் பார்வையாளர் வரிசையிலிருந்து மின்னும் பிளாஷ் எவருக்கும் பயனற்றது. தூரம் இருமடங்காக ஒளி நான்கிலொன்றாகக் குறையுமாதலால், அது முன்வரிசைத் தலைகளுக்கு அப்பாற் செல்வதேயில்லை.

இன்று ஐந்தாவது வழியொன்றும் தோன்றியுள்ளது. புள்ளி நிறைந்த மங்கற் படத்தைக் கணினி மென்பொருள் தெளிவாக்கித் தருகிறது. புள்ளிகளை மட்டுப்படுத்துவதோடு அது நின்றாற் பிழையில்லை. ஆயின் இல்லாத நுணுக்கங்களை, முன்னர் கற்ற வேறு படங்களின் சாயலில் அது இட்டு நிரப்பவும் வல்லது. அப்போது எமக்குக் கிடைப்பது அந்த இளைஞரின் முகமன்று. அவரைப் போன்ற எவரோ ஒருவரின் முகம். இங்கே கடன் வாங்கப்படுவது படத்தைப் பார்ப்போரின் நம்பிக்கையிலிருந்து. படத்திலே தன்னைத் தேடும் இளைஞர்தாம் அவ்வேமாற்றத்தை முதலில் உணர்பவராவார்.

ஆகவே இருளிற் படமெடுப்பவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பதன்று. அத்தெளிவுக்கு யார் விலை செலுத்துவார் என்பதே. தன் படமும் தன் பொறுமையும் செலுத்துமாயின் தாராளமாக எடுக்கலாம். ஆடுபவரின் கண்ணோ, பார்ப்பவரின் நம்பிக்கையோ செலுத்த நேருமாயின் முதலில் அவரைக் கேட்டாக வேண்டும். கேட்க இயலாதவிடத்து, மங்கிய படத்தோடு நிறைவுகொள்வதே அறம். ஆய்வுக்கெனவும் செய்திக்கெனவும் பிறர் வாழ்வை வெளிச்சத்துக்குக் கொணர விழையும் பல்கலைக்கழகத்தார் எமக்கும் இவ்விதி பொருந்தும்.